புது ஷீட்டில் வைத்த சிவப்பு

வெறுமையாக எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர்கள் திரும்பி வரும்போது, செருப்பெல்லாம் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். காலை நுழைத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான் பாக்கி. அனுமந்தையிலிருந்து மனு கொடுக்க வந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, சீக்கிரம் கெளம்புன்னு சொல்லாம சொல்றியா?" என்று முறைத்தார். "இல்ல பெரியப்பா, போறப்ப தடவிக்கினு இருக்க வேணாம்னுதான்" என்று பதில் வந்தது. பெரியவர் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி, தீப்பெட்டியின் மேல் ஒற்றைக் குச்சி. சாயங்காலம் ஆபீசைப் பூட்டுவதற்கு முன்பே காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துவிடுவார். காலையில் வருகிறவர்கள் நேற்றைய தேதியில் முழிக்கக் கூடாதாம். தண்ணீர்ப் பானைமேல் டம்ளரை நான் கவிழ்த்து வைப்பேன், பூச்சி விழுந்துவிடும் என்று. அவர் நிமிர்த்தி வைப்பார், வருகிறவன் மொண்டு குடிக்கட்டும் என்று. நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க இந்தச் சண்டை தீரவில்லை. கேட்டால் ஒரே வசனம்தான்: "முன்னாடி வெச்சிட்டா பின்னாடி பேச்சே இல்ல."

நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அண்ணன் என்றே எழுதுகிறேன். பேர் வேண்டாம். மரக்காணம் சின்ன ஊர். பேரைச் சொன்னால் அந்தச் சிவப்புக் கதையைச் சொல்லிச் சிரிப்பதற்கு இன்றைக்கும் ஆள் இருக்கிறது. எனக்கு அது சிரிக்கிற கதை இல்லை.

சுனாமி வந்துபோன பிறகு சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து, கடைத்தெருவில் உரக்கடைக்கு மேலே இருந்த மாடியை வாடகைக்குப் பிடித்தது. குடிசை போனவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டித் தருவது அவர்கள் திட்டம். யாருக்கெல்லாம் என்று கணக்கெடுக்க உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்றார்கள். நான் திண்டிவனம் பக்கத்திலிருந்து மரக்காணத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். பிளஸ் டூ படித்திருந்தேன், சைக்கிள் ஓட்டுவேன், யாரோடும் வாய் கொடுப்பேன். அது போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் கொட்டாய் கொட்டாயாகப் போய் எழுதிக்கொண்டு வருவேன்; அண்ணன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். அவ்வளவுதான் எங்கள் வேலை.

முதல் வாரமே கம்ப்யூட்டர் எங்கள் மானத்தை வாங்கியது. கதவு எண் மூன்றின் கீழ் நாலு என்று அடித்தால், அது தானாகவே ஏப்ரல் மாதம் மூன்றாம் தேதி என்று மாற்றிக் காட்டியது. ஒரு தெரு முழுக்க வீடுகள் போய்த் தேதிகளாக நின்றன. ரேஷன் கார்டு எண்ணுக்கு முன்னால் இருக்கும் சைபரையும் விழுங்கித் தொலைத்தது. "இன்னாண்ணா, ஊரையே காலண்டரா மாத்திட்டீங்க?" என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கட்டமாகத் திருத்திக்கொண்டு போகலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அண்ணன் அடிப்பதை நிறுத்திவிட்டு, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மத்தியானம் முழுக்க எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"பிலோமினா, புதுசா ஒரு ஷீட்டு திற."

திறந்தேன். வழக்கமாக வரும் வெள்ளைக் கட்டங்கள் இல்லை. தலைப்புகள் ஏற்கெனவே இருந்தன. குடும்பத் தலைவர் பெயருக்கு அகலமான கட்டம், வயதுக்குக் குறுகலான கட்டம். கீழே நகர்த்தினால் தலைப்பு மட்டும் நகராமல் மேலேயே நின்றது. எழுத்து பெரிதாக இருந்தது. மூன்றின் கீழ் நாலு என்று அடித்துப் பார்த்தேன். மூன்றின் கீழ் நாலாகவே இருந்தது.

"இனிமே யாரு திறந்தாலும், எத்தன தடவ திறந்தாலும், இப்படித்தான் வரும். எக்ஸல் ஆரம்பிக்கறப்ப அதுவா போய் எடுத்துக்கற எடத்துல வெச்சிட்டேன்" என்றார். குழந்தைக்கு முதல் சட்டை போட்டுவிட்டு எட்ட நின்று பார்ப்பவர் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்கு முன்னால் அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் இருந்தார். அங்கேயும் இதே கதைதான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரி அடித்துத் தயாராக வைத்திருப்பார். பேரையும் தேதியையும் போட வேண்டியதுதான், டீ ஆறுவதற்குள் பத்திரிகை ரெடி. கருமாதிப் பத்திரிகைக்கும் அப்படி ஒன்று இருந்தது. 'வயது முதிர்வின் காரணமாக இயற்கை எய்தினார்' என்ற வாசகத்தோடு.

அலைக்கு அப்புறம் அந்த மாதிரிக்கு ஓய்வே இல்லாமல் போய்விட்டது. வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் வேலை நடந்தது. பேரை மாற்றி, படத்தை மாற்றி, அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் ஒரு மீனவர் பத்திரிகைக் கட்டைப் பிரித்தபடி கடைக்குத் திரும்பி வந்தார். ஒரு பத்திரிகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றாம் வகுப்பு படித்த பெண் குழந்தையின் படம். அதற்குக் கீழே அந்த வாசகம் அப்படியே இருந்தது.

"இது யாருக்குங்க?" என்று மட்டும் அவர் கேட்டாராம். சத்தம் போடவில்லையாம். போட்டிருந்தால் தேவலை என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அன்றைக்குக் கடையை விட்டு வந்தவர் திரும்பப் போகவில்லை. எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டருக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து வந்து சேர்ந்தார்.

இந்த அடிக்கு அப்புறம் ஒரு மனுஷன் எதையும் முன்கூட்டியே வைக்கிற புத்தியையே விட்டிருக்க வேண்டும். அவர் வேறு பாடம் படித்துக்கொண்டார். "மாதிரி வெச்சது தப்பில்ல பிலோமினா. அதுல வார்த்தைய வெச்சதுதான் தப்பு. வார்த்தை ஒருத்தருக்குப் பொருந்தும், ஒருத்தரக் குத்தும். இனிமே எதுலயும் வார்த்தை வெக்கமாட்டேன்" என்றார். நான் அப்போது தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

கணக்கெடுப்பு மீனவக் குப்பங்களை முடித்துக்கொண்டு உப்பளத்துக் கூலிக்காரர்கள் பக்கம் வந்தபோதுதான் சிவப்பு வந்தது.

குப்பத்துக்காரர்களிடம் ஏதாவது ஒரு காகிதம் இருக்கும். பஞ்சாயத்தார் இருந்தார்கள், பேசுவார்கள். கழுவெளி ஏரி ஓரத்தில் கொட்டாய் போட்டு உப்பு வாருகிறவர்களுக்குப் பேச ஆள் இல்லை. பாதிப் பேருக்கு ரேஷன் கார்டே கிடையாது. புறம்போக்கில் இருப்பவனுக்குக் கார்டு எப்படிக் கொடுப்பார்கள்? அலை உப்புப் பாத்திகளைச் சேறாக்கி, அம்பாரமாகக் குவித்திருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு போனது. ஆனாலும் செத்தவர்கள் கடல் பக்கம்தான் அதிகம் என்பதால் கேமராக்களும் லாரிகளும் அந்தப் பக்கமே போயின. இவர்களை விட்டால் விட்டதுதான் என்று அண்ணனுக்குத் தெரியும்.

ஒருநாள் நான் கொண்டுவந்த தாள்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு பெயரை அடித்ததும் அந்த வரி முழுக்கச் சிவந்தது. நான் திடுக்கிட்டுப் போனேன்.

"கெட்டுப்போச்சாண்ணா?"

"நாந்தான் வெச்சேன். பேரு இருந்து கார்டு நம்பர் இல்லைன்னா லைன் செவந்துடும். புது ஷீட்டு எது திறந்தாலும் இந்தக் கண்டிஷன் கூடவே வரும்."

"எதுக்குச் செவப்பு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தண்ணீர் எதற்கு ஈரமாக இருக்கிறது என்று கேட்டவளைப் பார்ப்பது போல. "நீ மேட்டுப் பக்கத்துப் பொண்ணு இல்ல? வா" என்று அன்றைக்குச் சாயங்காலம் என்னையும் ஆபீசில் இருந்த இன்னொரு பெண்ணையும் உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அலைக்கு அப்புறம் திரும்பச் சீர் பண்ணிய பாத்திகள் அவை. வரப்பு வரப்பாக நடந்தோம். முதல் பாத்திகளில் தண்ணீர் சாதாரணமாக இருந்தது. உள்ளே போகப்போக மங்கலாகி, ஒரு பாத்தியில் செம்பருத்தி கரைத்தது போல நின்றது. நான் ஒரு எட்டு பின்வாங்கினேன். அண்ணன் அதன் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதப் பாத்தா எங்களுக்குப் பசி போயிடும். தண்ணி செவந்துச்சின்னா உப்பு எறங்கப் போவுதுன்னு அர்த்தம். மத்த பாத்திய உட்டுட்டு மொதல்ல இங்கதான் வருவோம். எங்க அப்பன் வரப்புமேல நின்னு பார்த்துட்டு, செவப்பு எங்க இருக்குதோ அங்கதான் ஆள எறக்குவாரு."

பார்த்த பிறகு எனக்கும் அது சரி என்றே பட்டது. ஆபீசில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என்னைத் தவிர எல்லாரும் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள். சிவந்த வரி என்றால் முதலில் போக வேண்டிய வீடு. கையில் ஒன்றும் இல்லாதவன் வீடு. நான் ஒன்று மட்டும் கேட்டேன்: "மேல ஒரு வரி எழுதி வெச்சிடலாமே, செவப்புன்னா இன்னான்னு."

"வார்த்தை வேணாம்" என்றார். "செவப்புன்னா யாருக்குத் தெரியாது?"

அவருக்கு ஒரு அக்கா. அப்பா அம்மா போன பிறகு உப்பு வாரி இவரைத் தூக்கி வளர்த்தவள். டைப்ரைட்டிங் கிளாசுக்கு அனுப்பினவள். கட்டினவன் பாண்டிச்சேரியில் வேறொருத்தியோடு போய்விட்டான். போனவன் ரேஷன் கார்டையும் கொண்டுபோய்விட்டான், அக்காவின் பேர் அதிலேயே இருந்தது. ஆக அவளுக்கென்று கார்டு கிடையாது. இரண்டு பெண்களோடு கழுவெளி ஓரக் கொட்டாயில் இருந்தாள். அந்தக் கொட்டாய்க்குக் கணக்கெடுக்கப் போனதே நான்தான்.

"இன்னா, எந்தம்பி உங்கள ஒழுங்கா வேல செய்ய உடறானா? டம்ளரு, செருப்புன்னு உயிர எடுப்பானே" என்றாள். கீத்து முடைந்துகொண்டே பேசினாள். மழைக்கு முன்னால் கூரை மாற்ற வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகள் சேர்த்து வைத்திருந்தாள். சுவரில் அலைத் தண்ணீர் நின்ற கறை தெரிந்தது. சின்னப் பெண்ணுக்கு இருமல் இருந்தது. வாய்விட்டுச் சிரிக்கிற பொம்பளை. அவள் தம்பியிடம் அது இல்லை.

அவள் வரியும் சிவந்தது. ஷீட்டெல்லாம் சென்னைக்குத்தான் போகும்; யாருக்கு வீடு என்று முடிவு செய்வது அங்கே இருந்த ஒரு மேடம். நான் அண்ணனிடம் சொன்னேன், "சென்னை மேடம்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா. உங்க அக்கான்னு தெரிஞ்சா பாத்துக்குவாங்க."

"எங்க அக்கான்னு சொன்னா அது சிபாரிசு. அந்த ஷீட்டுல செவந்து கெடக்கற மத்தவங்களுக்கு யாரு போய்ச் சொல்லுவா? ஷீட்டே சொல்லும் பிலோமினா. அதுக்குத்தான் வெச்சது."

பெரிய மனசுதான், மறுக்கவில்லை. அதோடு நின்றிருந்தால் இன்றைக்கு இதை எழுதியிருக்கமாட்டேன். அக்காவிடம் போய், "கீத்துல இனிமே காசப் போடாத. கட்டடம் வரப்போவுது. ஒன் லைன்தான் மொதல்ல கண்ணுல படும்" என்று சொல்லிவிட்டார். அவளும் நம்பினாள். தம்பி கம்ப்யூட்டர் படித்தவன் இல்லையா? சேர்த்து வைத்திருந்த கீத்துக் கட்டுகளைப் பக்கத்துக் கொட்டாய்க்காரி ஆட்டுக்குப் பந்தல் போட எடுத்துக்கொண்டு போனாள்.

ஆடி மாசக் கடைசியில் சென்னையிலிருந்து மேடம் வந்தார். நல்லவர்தான், குரலை உயர்த்தாதவர், எங்களுக்கெல்லாம் ஸ்வீட் வாங்கி வந்திருந்தார். வீடு ஒதுக்கின பட்டியல் கையில் இருந்தது. அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். முதல் தாள், இரண்டாம் தாள், கடைசித் தாள். திரும்ப முதல் தாள். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கழுவெளி ஓரத்துப் பேர்களில் கார்டு உள்ளவர்கள் மட்டும் இருந்தார்கள்.

"செவப்பு இருந்தவங்க ஒருத்தரும் இல்லீங்களே மேடம்" என்றார்.

"ஆமா சார். அதத்தான் சொல்ல வந்தேன். ரொம்ப கிளியரா இருந்துச்சு உங்க ஷீட்டு. தகுதி இல்லாதவங்கள நீங்களே சிவப்பு போட்டுத் தள்ளி வெச்சிட்டீங்க. மத்த ஆபீஸ்ல இருந்து வர்றதெல்லாம் நாங்க உக்காந்து பிரிக்கணும். எங்களுக்கு வேலையே இல்லாம பண்ணிட்டீங்க."

அண்ணன் பட்டியலை மேஜைமேல் வைத்தார். அப்புறம் ஆரம்பித்தார், தண்ணீர், பாத்தி, உப்பு இறங்குவது, அப்பா வரப்புமேல் நிற்பது என்று. கேட்கிறவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே புரிந்தது. மேடம் பொறுமையாகக் கேட்டார். "அய்யோ, இது தெரியாதே சார். ஆனா பட்டியல் பணம் குடுக்கறவங்களுக்குப் போயாச்சு. செகண்ட் பேஸ்ல, அதான் அடுத்த கட்டத்துல, கண்டிப்பா பாக்கலாம்" என்றார். எழுந்து போகும்போது, மனசைத் தேற்றுவதற்காகத்தான் சொல்லியிருப்பார்: "உங்க ஃபார்மட்ட எல்லா ஆபீசுக்கும் அனுப்பிட்டோம். கடற்கரை முழுக்க இனிமே புது ஷீட்டு திறந்தா இதுதான் வரும்."

அன்றைக்கு எனக்கு மேடத்தின் மேல் கோபம் வரவில்லை. அவர் எந்தப் பாத்தியைக் கண்டார்? பள்ளிக்கூடத்தில் தப்புக்குத்தானே சிவப்பு மை. கோபமெல்லாம் அண்ணன் மேல்தான் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் ஏதோ ஒன்றை முன்கூட்டியே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற மனுஷன். அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் சிவப்பை எடுத்துவிட்டார். ஆனால் போனது போனதுதானே. கடலூர் பக்கத்து ஆபீசுக்கும் நாகப்பட்டினம் பக்கத்து ஆபீசுக்கும் கீழே பூத்திலிருந்து போன் போட்டார். நான் கூட நின்றேன்.

"அந்த செவப்புக் கண்டிஷன எடுத்துடுங்க. அது தள்ளி வெக்கறதுக்கு இல்ல. மொதல்ல பாக்கறதுக்கு."

"அது மேலருந்து வந்த ஃபார்மட்டுங்க. நாங்க கை வெக்கக் கூடாது."

"நாந்தாங்க அத வெச்சவன்."

"அப்படிங்களா? ரொம்ப நல்லா இருக்குதுங்க. வேல சட்டுனு முடியுது."

போனை வைத்துவிட்டு பூத்துக்காரரிடம் மிச்சச் சில்லறை வாங்க மறந்து வந்தார். இன்னும் எத்தனை ஊரில், எத்தனை பேர் வரி சிவந்து ஒதுங்கியது என்று யாரும் எண்ணவில்லை. எண்ணுவதற்கும் ஒரு ஷீட் திறக்க வேண்டும். திறந்தால் அதுவே வந்து நிற்கும். இதை ஒருமுறை வேடிக்கையாகச் சொல்லப் போய், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அந்த வருஷத்து மழை எப்படி என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கழுவெளி நிறைந்து வழிந்தது. அக்காவின் கொட்டாயில் பழைய கீத்து முதல் மழைக்கே நைந்து விழுந்தது; மண் சுவர் ஒரு பக்கமாகச் சரிந்தது. அண்ணன் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூட்டி வந்தார். சின்னப் பெண்ணுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பிழைத்தது. அவர் சம்பளமும் வாங்கின கடனும் அதற்கே சரியாகப் போயின. உப்பு வேலையும் இல்லை, பாத்தியெல்லாம் தண்ணீர். தை பிறந்ததும் அக்கா ஒரு செங்கல் சூளை மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, பெண்களோடு திருவள்ளூர் பக்கம் போய்விட்டாள். பெரிய பெண்ணின் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. போகும்போது தம்பியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த நேரத்தில் அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து, புருஷன் கார்டிலிருந்து பேரை நீக்கி, அக்கா பேரில் ரேஷன் கார்டு வாங்கிவிட்டார். போட்டோ ஒட்டி, மனு நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாம் தயார். செகண்ட் பேஸ் வந்தால் இந்தத் தடவை எதுவும் தவறாது என்றார்.

செகண்ட் பேஸ் வந்தது. பங்குனியில், வேறு ஊரிலிருந்து கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். போன தடவை ஆள் இல்லாத வீட்டுக்கெல்லாம் வீடு ஒதுக்கிவிட்டார்கள் என்று எங்கோ புகார் போயிருந்ததாம். அதனால் புது விதி: கணக்கெடுக்கும் நாளில் ஆள் கொட்டாயில் இருக்க வேண்டும். ஒரே நாள்தான். அண்ணன் தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. முந்தின நாள் விடிகாலை, "நீயும் வா பிலோமினா. பொம்பள சொன்னா கேக்கும்" என்று என்னையும் பஸ் ஏற்றினார்.

சூளையில் அக்கா மண் மிதித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் காலை நிறுத்தவில்லை. பெரிய பெண் அச்சில் மண்ணை அடைத்து அடைத்துத் தட்டிக்கொண்டிருந்தது. சின்னது நிழலில் தூங்கியது. அண்ணன் பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார்.

"கார்டு வாங்கிட்டேங்க்கா. எல்லாம் எழுதி வெச்சிருக்கறேன். நீ நாளைக்கி ஒரு நாள் கொட்டாய் வாசல்ல வந்து நின்னா போதும். ஒரு கையெழுத்து. சாயங்காலம் நானே கொண்ணாந்து உட்டுடறேன்."

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றான். மரியாதையாகத்தான் பேசினான். "போய்ட்டு வரட்டுங்க. நான் வாணாம்னு சொல்லல. அட்வான்ஸ் இருக்குது பாருங்க, அதனால பெரிய பொண்ணு மட்டும் இங்க இருக்கட்டும்."

அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அப்புறம் சூளைக் கொட்டகையில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆம்பளைகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு ராத்திரி அந்தப் பெண்ணைத் தனியே விட என்னாலும் முடியாது.

"பொண்ணு கூட நான் இருக்கறேங்க்கா" என்றேன்.

"இவங்க நடுவுல ஒரு ராத்திரி நீ மட்டும் இன்னா பண்ணுவ? நீயும் பொம்பளதானே" என்றாள். "நான் எங்கயும் வரல."

அண்ணன் உறையை இன்னும் நீட்டியபடியே நின்றார். "அக்கா, இந்தத் தடவ ஒண்ணும் தப்பாவாது. எல்லாத்தையும் வெச்சிட்டேன்."

அவள் காலை நிறுத்தினாள். முழங்கால் வரைக்கும் மண். சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

"தம்பி. வூடு வருதுன்னு சொன்ன, கீத்து மாத்தாம உக்காந்திருந்தேன். ஒன் மேல எனக்குக் கோவம் இல்லடா. ஆனா இனிமே எனக்குன்னு எதயும் முன்னாடியே வெக்காத. வந்தப்பறம் சொல்லு."

சொல்லிவிட்டு மண்ணை மிதிக்க ஆரம்பித்தாள். நாங்கள் திரும்பி பஸ் ஏறினோம். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது, சாப்பிடலாமாண்ணா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், சாப்பிடவில்லை.

அந்த மாசத்தோடு அவர் வேலையை விட்டார். பாண்டிச்சேரியில் ஒரு லாட்ஜில் ரிஜிஸ்டர் எழுதுகிறார் என்று சொன்னார்கள். நான் ஒருதரம் தேடிப் போனேன், அந்த லாட்ஜில் அப்படி ஆள் இல்லை. அக்கா சூளை சூளையாக மாறிப் போனதாகக் கேள்வி. சொல்ல மீதம் இருப்பது கணக்கெடுத்த அந்த நாள் மட்டும்தான்.

காலையிலேயே அண்ணன் அக்காவின் கொட்டாய் வாசலில் போய் நின்றுவிட்டார். கொட்டாய் என்ன கொட்டாய், பாதிச் சுவரும் இரண்டு கம்பும். நானும் போயிருந்தேன். கணக்கெடுக்க வந்தவள் சின்னப் பெண், வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். ஒவ்வொரு வாசலாக வந்துகொண்டிருந்தாள். பக்கத்துக் கொட்டாய்க்காரி, கீத்துக் கட்டை வாங்கிப் போனவள்தான், அவர் காதோரம் வந்து, "அக்கா கடைக்குப் போயிருக்குதுன்னு சொல்லுப்பா. நாங்கல்லாம் ஆமான்னு சொல்றோம். கையெழுத்த நான் போடறேன்" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். எனக்கும் அதுவே சரி என்று தோன்றியது. ஊரே சாட்சி சொல்லத் தயாராக நின்றது. ஒரு பொய், அவ்வளவுதான். ஒரு வீடு கிடைத்துவிடும்.

பெண் வந்து நின்றாள். பேனாவைத் திறந்தாள்.

"இந்த வீட்டுல யாருங்க இருக்கறது?"

அவர் கையில் அந்த உறை இருந்தது. நான் அவர் முழங்கையை இடித்தேன். சொல்லுங்கண்ணா என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"யாரும் இல்லம்மா" என்றார். "எழுதிக்கோ."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். அடுத்தது எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவள் சுற்றிப் பார்த்தபோது, அவரே முன்னால் நடந்து அடுத்த கொட்டாய் வாசலில் கொண்டுபோய் விட்டார்.